ஷீட்டுக்கு இருபத்து நாலு கார்மேகம்

டீக்கடை மேஜை ஆடாமலிருக்க அதன் காலுக்கடியில் யாரோ ஓர் அட்டையை நாலாய் மடித்துச் செருகியிருந்தார்கள். உடையப்பன் குனிந்து அதை உருவிப் பிரித்தார். உள்ளே அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

டீயைக் குடிக்காமல் எழுந்தவர் நேரே அச்சகத்துக்கு வந்தார்.

"அருள்முருகா, இதைப் பாருய்யா. என் மூஞ்சியை மேஜைக்கு முட்டுக் கொடுத்திருக்கான்."

அருள்முருகன் வெட்டிக்கொண்டிருந்த தாளைக் கீழே வைத்தான். அந்த அரபு நாட்டில், அப்பாசியாவின் அந்தச் சின்ன அச்சகத்தில் டிசைன் போடுவதும் அவன்தான், வெட்டுவதும் அவன்தான். அச்சகத்துக்குச் சோறு போடுவது உடையப்பனின் சூப்பர் மார்க்கெட் நோட்டீஸ். அவர் முகம் சுளித்தால் வாராவாரம் வரும் அந்த ஆர்டர் போய்விடும்.

"யாரோ தெரியாம வச்சிருப்பாங்க தலைவரே."

"தெரியாமயா? கண்ணாடி போட்டு, டை கட்டி இருக்கேன். இதுக்கு மேல எப்படித் தெரியணும்?"

உடையப்பன் தமிழ் மன்றத்துத் தலைவர். அந்த அட்டை ஒரு கார்டு விளையாட்டினுடையது. அந்த விளையாட்டு, மன்றத்தின் வெள்ளிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிறந்தது. பிள்ளைகள் தமிழ் வாசிக்க மாட்டேன் என்கிறார்களே என்று சந்தியா டீச்சர் யோசித்துக் கண்டுபிடித்தது. பகாலா என்கிற மளிகைக் கடைக்காரர், நர்ஸம்மா, ஏசி மெக்கானிக், ஸ்கூல் வேன் டிரைவர் கார்மேகம் என்று அக்கம்பக்கத்து மனிதர்கள் இருபத்து நாலு பேர் ஆளுக்கொரு கார்டு. படத்துக்குக் கீழே ஒரு வரி தமிழ், பக்கத்தில் பலம் என்று ஓர் எண். அதைத் தப்பில்லாமல் வாசித்தால்தான் எதிராளியை அடிக்கலாம். ஐந்து கார்டு கொண்ட பாக்கெட்டுகள் உடையப்பன் கடையிலேயே விற்றன. உள்ளே யார் இருப்பார்கள் என்று பிரித்தால்தான் தெரியும்.

"ஸ்பான்சர் நான். என் கார்டு எல்லாப் பிள்ளை கையிலயும் இருக்கணும்" என்று உடையப்பன் அன்றைக்குச் சொல்லியிருந்தார். அருள்முருகனும் ஷீட்டில் எட்டு இடத்தில் அவரை வைத்தான். இடம் போதாமல் சிலரை இரண்டாவது ஷீட்டுக்குத் தள்ளினான். கார்மேகம் ஓர் ஓரத்துக்குப் போய், கட்டிங் மெஷினில் பெரும்பாலும் மீசையில்லாமல் வந்து குப்பைக்குப் போனார்.

விளைவு, எந்தப் பாக்கெட்டைப் பிரித்தாலும் இரண்டு உடையப்பன். கார்மேகம் மட்டும் அபூர்வமாகத்தான் கண்ணில் பட்டார். பதினைந்து உடையப்பனுக்கு ஒரு கார்மேகம் என்று லிஃப்டுக்குள் பேரம் நடந்தது.

சந்தியா டீச்சரிடம் இதற்கு விளக்கம் இருந்தது. "நிறைய அடிச்சா மதிப்பு போயிடும் சார். கம்மியா அடிச்சா ஏறும். பெரிய பெரிய கார்டு கம்பெனியெல்லாம் எதை அடிக்கிறது, எதைத் திரும்ப அடிக்கிறதுன்னு தீர்மானிக்கிறதுக்கே ஆள் வச்சிருக்காங்க."

"நம்மகிட்ட யார் இருக்கா?"

இருவரும் அருள்முருகனைப் பார்த்தார்கள்.

அவன் தீர்மானித்தான். மறுபதிப்பில் உடையப்பன் ஓரிடம், கார்மேகம் எட்டிடம். இரண்டே வாரத்தில் கணக்கு நேராகிவிடும் என்று தலைவருக்கு வாக்குக் கொடுத்தான்.

கணக்கு நேராகவில்லை. புதுப் பாக்கெட்டுகள் வந்த வேகத்தில் தீர்ந்தன. இப்போது ஒரு கார்மேகத்துக்கு இருபது உடையப்பன் கேட்டார்கள்.

"இத்தனை அடிச்சும் எங்கய்யா போறான் அவன்?" என்றார் உடையப்பன். "யார் கையிலயும் ஒண்ணு ரெண்டுக்கு மேல இல்லையே!"

"பழைய தலைவர் கார்டு நிறைய வெளியில கிடக்கு. அதைத் திரும்ப வாங்கிட்டா சரியாயிடும்" என்றான் அருள்முருகன்.

பத்து உடையப்பன் கொண்டு வந்தால் ஒரு ஐஸ்கிரீம் என்று கடையில் எழுதி ஒட்டினார்கள். மாலைக்குள் ஃப்ரீசர் காலி. அருள்முருகன் கார்டுகளை இரண்டு தரம் எண்ணினான். அச்சடித்ததைவிட அதிகமாகத் திரும்பி வந்திருந்தது. பாதிக்குப் பாதி கலர் ஜெராக்ஸ்.

பயந்துகொண்டேதான் சொன்னான். உடையப்பன் முகமோ மலர்ந்துவிட்டது.

"என்னைக் கள்ளத்தனமா அடிக்கிறானுங்களா? டூப்ளிகேட் எதுக்குய்யா வரும்? மதிப்புள்ள சாமானுக்குத்தானே வரும்!"

"ஐஸ்கிரீமுக்கு வந்திருக்கு தலைவரே."

மலர்ந்த முகம் வாடியது. கல்லாவை இழுத்துத் திறந்து மூடினார். பிறகு மெல்ல, "நான் இங்க வந்த புதுசுல மூட்டை தூக்கினேன் அருள். எல்லாரும் என்னைய முதலாளின்னுதான் பாக்குறான். பிள்ளைங்களாவது பேர் சொல்லிச் சிரிக்கும்னு நெனச்சேன். அவ்வளவுதான்யா" என்றார்.

அருள்முருகனுக்கு மனசு கேட்கவில்லை. அச்சகத்து முதலாளி யஹ்யாவிடம் கெஞ்சி, ஓவர்டைம் கூலியில்லாமல் உட்கார்ந்து, தங்க நிற ஃபாயிலில் புது உடையப்பன் கார்டு ஒன்று செய்தான். கோட்டு, கிரீடம் மாதிரி ஒரு வெளிச்சம், பலம் நூறு. எல்லாரையும் அடிக்கலாம். மொத்தமே ஒன்றுதான். ஏதோ ஒரு பாக்கெட்டுக்குள் போட்டுக் கலக்கிவிட்டான்.

அது மூன்றாம் வகுப்பு ஹிஃப்ஸாவுக்குக் கிடைத்தது. கடையே கைதட்டியது. உடையப்பன் அவளோடு நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டார். அவள் கடை வாசலைத் தாண்டினாள். எதிரே வந்த பையனிடம் தங்க உடையப்பனைக் கொடுத்தாள். இரண்டு கார்மேகத்தை வாங்கிக்கொண்டாள்.

உள்ளேயிருந்து எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அருள்முருகன் பின்னாலேயே ஓடினான். "ஏம்மா குடுத்தே? அது பலம் நூறு இல்லையா?"

"அது சும்மா ஷைனிங் அங்கிள்" என்றாள் ஹிஃப்ஸா. "இது யூஸ்ஃபுல்."

அன்று மாலை முழுவதும் சந்தியா டீச்சர் விதிமுறைகளைப் புரட்டினார். கார்மேகத்தின் பலம் வெறும் நாலு. அவருக்குக் கீழே எழுதியிருந்த வரி, "நான் வந்தால் எல்லோரும் ஓட வேண்டும்." இதில் யூஸ்ஃபுல் எங்கே இருக்கிறது என்று புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த பதிப்பில் பலத்தைப் பூஜ்யமாக்கினார்கள். பூஜ்யக் கார்மேகமும் அதே வேகத்தில் பறந்தார்.

உடையப்பன் மேஜையைத் தட்டினார். "கலாஸ், முடிஞ்சுபோச்சு. இனிமே வேற ஆளே வேணாம். ஷீட்டு முழுக்க அவனையே அடி. தெருவெல்லாம் அவனாக் கிடக்கணும். யாருக்கும் வேணாம்னு ஆகணும். ஆகலைன்னா விளையாட்டையே நிறுத்திப்புடுவேன்."

சந்தியா டீச்சருக்குக் கண் கலங்கியது. "சார், பிள்ளைங்க இப்பத்தான் எழுத்துக்கூட்டாம வாசிக்குதுங்க."

"அருள் அடிக்கட்டும். பாப்போம்."

அருள்முருகன் அடித்தான். ஷீட்டுக்கு இருபத்து நாலு கார்மேகம். அச்சகமெங்கும் ஒரே மீசை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே வந்த யஹ்யா திகைத்து நின்று, நெஞ்சில் கைவைத்து அரைகுறை இந்தியில் கேட்டார்.

"பாவம், யார் இந்த ஆள்? எப்போது காணாமல் போனார்?"

காணாமல் போனது அடுத்த வாரம்தான். கடைக்கு வந்த பெட்டியெல்லாம் காலி. தெருவில் ஒரு கார்மேகம் கிடக்கவில்லை. டீக்கடை மேஜைக்கடியில்கூட இல்லை. அருள்முருகன் குனிந்தே பார்த்துவிட்டு வந்தான்.

கடையின் பின்னறையில், பருப்பு மூட்டைகளுக்கு நடுவே மூவரும் உட்கார்ந்தார்கள். நோட்டீஸ் ஆர்டரும் தமிழ் வகுப்பும் இன்றோடு சரி என்றுதான் அருள்முருகன் நினைத்தான். உடையப்பன் கோபப்படவில்லை. பருப்பு மூட்டையில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"நாமதான்யா தப்பாக் கணக்குப் போட்டுட்டோம். கம்மியா அடிச்சாலும் கேக்குறாங்க, கூட அடிச்சாலும் கேக்குறாங்க. பலம் இல்லைன்னாலும் கேக்குறாங்க. இது மதிப்பு சமாச்சாரம் இல்ல. பாசம்."

"ஆமா சார்" என்றார் சந்தியா டீச்சர். "தினமும் கூட்டிட்டுப் போறாரு, கூட்டிட்டு வர்றாரு. பிள்ளைங்க மனசுல நிக்கிறாரு."

"நான் கடையைத் திறந்து வச்சுக்கிட்டுப் பிள்ளைங்க மனசை எதிர்பார்த்தேன். அந்த மனுசன் வண்டி ஓட்டியே வாங்கிட்டான்." உடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆண்டு விழாவுல என் கையால அவனுக்குப் பொன்னாடை போடுறேன். விளையாட்டும் நடக்கட்டும். அடுத்த பதிப்பு பாக்கெட்டு மேலயே அவன் படத்தைப் போடு அருள்."

அருள்முருகனுக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது. சொந்த முகத்தை விட்டுக்கொடுக்க இவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

அந்த நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு உடையப்பனின் மனைவி மீனாம்பாள் வந்தாள். நாலாம் வகுப்பு மகளைப் பள்ளிக்கு அனுப்பிவைக்கிற காலை அவசரம் அந்த மாலையிலும் அவள் முகத்தில் மிச்சமிருந்தது. பொன்னாடை விஷயத்தைக் கணவர் நெகிழ்ச்சியோடு சொல்ல, அவள் காதில் வாங்காமல் அருள்முருகன் பக்கம் திரும்பினாள்.

"அதெல்லாம் அப்புறம் போடட்டும் தம்பி, முதல்ல எனக்கு அந்த ஆளு கார்டு ஒரு கட்டு எடுத்துக் குடு. கார்மேகம் காலையில தன் படம் போட்ட கார்டு ஒண்ணைக் கையில வாங்கிக்கிட்டாத்தான் கீழ வேன்ல ஹாரன் அடிக்காம அஞ்சு நிமிஷம் நிக்கிறாரு. பில்டிங்ல இருக்கிற அத்தனை பொம்பளைங்களும் அந்தக் கார்டை நம்பித்தான் பிள்ளைக்குத் தலை பின்னிக்கிட்டிருக்கோம்!"