நாற்பத்தோராவது கேள்வி

டிசம்பர் இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு, காவ்லிக் மீன் போக்குவரத்து நிறுவனத்தின் ஒரே கருவி மீன் தொட்டிக்குள் விழுந்தது. விழவைத்தவர் போஷெனா. லாரிகளை அனுப்புகிற பொறுப்பு அவருடையது. பதினாறு வருஷத்தில் ஒரு பென்சில்கூட அவர் கையிலிருந்து தவறியதில்லை. அன்றைக்கென்று பார்த்து, கெண்டை மீன்களுக்குக் காற்று சரியாகப் போகிறதா என்று லாரித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கோட்டுப் பையிலிருந்தது வழுக்கிக்கொண்டு போயே போய்விட்டது. மூவாயிரம் மீனுக்கு அடியில் யார் துழாவுவது? எடுத்தாலும் அது பிழைக்கப் போவதில்லை.

லாரியில் டாகோகிராஃப் என்று ஒரு பெட்டி உண்டு. டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டினார், எத்தனை மணி நேரம் படுத்தார் என்று அவருடைய கார்டில் எழுதிக்கொண்டே இருக்கும். இருபத்தெட்டு நாளுக்குள் அந்தக் கார்டைப் பிரதி எடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். பிரதி எடுக்கிற கட்டைவிரல் அளவுக் கருவிதான் இப்போது மீன்களோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அந்த லாரியின் டிரைவர் ஜெனோனுக்கு அன்றைக்குத்தான் இருபத்தெட்டாம் நாள்.

"தப்பு என்னோடதுதான், பான் டைரக்டர். கடையில இருக்கு, ஒண்ணு வாங்கிடலாம். மதியத்துக்குள்ள வந்துடும்," என்றார் போஷெனா. போலந்தில் ஆணுக்குப் பான், பெண்ணுக்குப் பானி என்பதுதான் மரியாதை.

"வாங்கறதா?" டைரக்டர் காவ்லிக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பானி போஷெனா, நாம கண்டதை வாங்கறவங்க இல்ல. தேர்வு செய்யறவங்க."

காவ்லிக் தலைநகர் வார்சாவில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். அதிலிருந்து எல்லாத் தகவலும் மேகத்துக்கு, அதாவது இணையச் சேமிப்புக்கு, போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். முன்பு காபி இயந்திரத்தை ஏழு மாதம் தேர்வு செய்தவரும் அவர்தான். அதை இயக்க யாருக்கும் தெரியாததால், அலுவலகமே அதற்குப் பக்கத்தில் நின்று தேநீர் குடித்துவருகிறது.

மதியத்துக்குள் கருவி வரவில்லை. கமிட்டி வந்தது. தலைவர், காவ்லிக். உறுப்பினர், அந்தரங்கத் தகவல் பாதுகாப்பு அதிகாரி பான் விட்டோல்ட். செயலாளர், குற்றம் இழைத்தவர் என்ற தகுதியில், போஷெனா. முதல் தீர்மானம்: பிரதி எடுக்காத கார்டோடு எந்த லாரியும் வாசலைத் தாண்டக் கூடாது.

"பான் டைரக்டர், கிறிஸ்துமஸ் விருந்துக்கு நாலு நாள்தான் இருக்கு. மீன் எப்போ போகும்?"

"தேர்வு முடிஞ்சதும் போகும். மீனுக்கு என்ன அவசரம்? தண்ணியிலதானே இருக்கு."

தேர்வுக்கென்று ஒரு கேள்விப் பட்டியல் தயாரானது. கருவி மேகத்தோடு பேசுமா? உறையை மறுபடி பயன்படுத்த முடியுமா? இடதுகைக்காரர் மனம் புண்படாமல் பிடிக்க முடியுமா? இப்படி நாற்பது.

விட்டோல்ட் தொண்டையைச் செருமினார். "எனக்கு ஒரு ஆட்சேபணை. ஓய்வெடுக்கிற நேரத்துக்கு இந்தப் பெட்டி கட்டில் படம் போடுது. ஒரு மனுஷன் எப்போ படுக்கறான்கிறது அவனோட அந்தரங்கம் இல்லையா?"

"எழுதிக்குங்க. உங்க பங்குக்கு ஏதாவது உண்டா, பானி போஷெனா?"

போஷெனாவுக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. "தண்ணியில விழுந்தா மிதக்குமான்னு கேளுங்க!"

"அருமை! இதுதான் அனுபவம்கிறது," என்று காவ்லிக் நாற்பத்தோராவதாக அதை எழுதிக்கொண்டார்.

மறுநாள் மூன்று விற்பனையாளர்கள் மூன்று கருவிகளைச் சோதனைக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்று பழையதைப் போலவே கட்டைவிரல் அளவு. ஒன்று சுவரில் மாட்டுவது. இன்னொன்று லாரிக்குள்ளேயே இருந்து, ஓடும்போது தானாகவே தகவலை அனுப்புகிற பெட்டி. முதல் இரண்டும் ஜெனோனின் கார்டை நாலே நிமிஷத்தில் பிரதி எடுத்துவிட்டன. மூன்றாவது வேலை செய்யவில்லை; ஏனென்று தெரியாமல் முழித்தார்கள்.

"அப்பாடா, பிரதி வந்தாச்சு. நான் கிளம்பறேன்," என்று ஜெனோன் சாவியை எடுத்தார்.

"நில்லுங்க!" என்றார் காவ்லிக். "அது சோதனைப் பிரதி. அதை வெச்சுக்கிட்டா, தேர்வை முன்னாடியே முடிச்ச மாதிரி ஆயிடும். அழிச்சிடுங்க."

அழித்தார்கள். ஜெனோன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றப் போய்விட்டார்.

இருபத்திரண்டாம் தேதி சந்தையிலிருந்து யாத்விகா போனில் பிடித்துக்கொண்டார். வருஷா வருஷம் மீனை வாங்கி ஊருக்கு விற்பவர் அவர்தான்.

"போஷெனா, விளையாடறியா? விருந்து வரைக்கும் மீனை உயிரோட வெச்சிருக்கணும்னு எல்லார் வீட்டிலயும் குளியல் தொட்டியைக் கழுவி வெச்சிருக்காங்க. மூணு நாளா ஊரே குளிக்கல! பஸ்ல ஏற முடியல தெரியுமா?"

"வந்துடும், யாத்விகா. என் தலையை அடகு வெச்சாவது அனுப்பறேன்."

போஷெனா போனை வைத்தார். தன் கோட்டுப் பையில் தொடங்கிய வினை எண்ணூறு வீட்டு விருந்து மேஜையில் போய் முடியப் போகிறதே என்று நினைத்தார். அவமானமாக இருந்தது. கமிட்டி அறைக்கு நேராகப் போனார்.

"பான் டைரக்டர், மூணாவது கருவி ஏன் வேலை செய்யலைன்னு தெரிஞ்சுபோச்சு. அது தூரத்திலிருந்து தகவல் அனுப்பற கருவி. நாம லாரியை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி வெச்சிருக்கோம்."

காவ்லிக் யோசித்தார். "தூரம் வேணும்கிறீங்க."

"இருநூத்திப் பத்து கிலோமீட்டர் இருந்தா போதும்." சந்தைக்கு அவ்வளவுதான் தூரம்.

"காலி லாரியா?"

"எடை இல்லாம சோதிச்சா நாளைக்கு யாராவது கேள்வி கேட்பாங்களே! நல்லவேளை, மூவாயிரம் மீன் ஏற்கெனவே ஏறி இருக்கு."

"ஆனா வாசலைத் தாண்டக் கூடாதுன்னு தீர்மானம் இருக்கே?" என்றார் விட்டோல்ட்.

அரைமணி நேர விவாதத்துக்குப் பிறகு ஏழாவது தீர்மானம் நிறைவேறியது: சோதனையில் இருக்கும்போது லாரி, லாரி அல்ல, சோதனைக் களம். களத்துக்கு வாசல் கிடையாது. பார்வையாளராகப் போஷெனா உடன் செல்வார்.

இருபத்துமூன்றாம் தேதி விடிந்ததும் களம் கிளம்பியது. பாதி வழியில் ஒரு சாலைப் போக்குவரத்து ஆய்வாளர் கை காட்டி நிறுத்தினார்.

"கார்டு பிரதி எடுத்தாச்சா?"

போஷெனாவின் கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் பிரதி அப்போதுதான் மேகத்திலிருந்து இறங்கியிருந்தது. மூன்று நாள் தாமதம். அதை நீட்டினார். ஆய்வாளர் முன்னாலும் பின்னாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா இதைப் படிக்கிற கருவி எங்ககிட்ட இல்ல. வாங்கறதுக்குக் கமிட்டி போட்டு ரெண்டு வருஷமாச்சு. என்னென்ன கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுக்கறதுன்னுதான் புரியல."

போஷெனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த சந்தோஷத்தில் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், கமிட்டியின் கேள்விப் பட்டியலை எடுத்து அவர் கையில் திணித்தார். "இந்தாங்க, வெச்சுக்குங்க. நாற்பத்தொண்ணு இருக்கு!"

பத்தரை மணிக்கு மீன் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள், விருந்து தொடங்கலாம் என்பதற்கு அடையாளமான முதல் நட்சத்திரம் தெரிந்தபோது எண்ணூறு வீட்டில் கெண்டை பொரிந்தது. ஊர் குளித்தது.

பிப்ரவரியில் மாகாணத்திலுள்ள எல்லா லாரி நிறுவனங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. பிரதி எடுக்கும் கருவி வைத்திருப்போர் இணைப்பிலுள்ள நாற்பத்தொரு கேள்விகளுக்கும் பதில் எழுத வேண்டும். அதுவரை லாரிகள் வாசலைத் தாண்டக் கூடாது. கடைசிக் கேள்வி: கருவி தண்ணீரில் மிதக்குமா? சோதித்துப் பார்த்துச் சான்று இணைக்கவும்.

போஷெனா ஒரு வாளித் தண்ணீரை மேஜைமேல் வைத்துக்கொண்டு நின்றார். கமிட்டி ஆறு வாரம் கூடித் தேர்ந்தெடுத்த கட்டைவிரல் கருவி கையில் இருந்தது. ஜெனோன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அப்போது போன் அடித்தது. பக்கத்து ஊர் நிறுவனத்தின் மேலாளர்.

"பானி போஷெனா, எங்களோடது மூணும் முழுகிப்போச்சு! எந்த மடையன் இந்தக் கேள்வியைக் கண்டுபிடிச்சான்னு உங்களுக்குத் தெரியுமா?"

போஷெனா வாளியைப் பார்த்தார்.

"கமிட்டியா இருக்கும்," என்று சொல்லிவிட்டு, கருவியை உள்ளே போட்டார்.