மாப்பிள்ளைக்கு வணக்கம் சொன்ன புரோகிராம்

கம்ப்யூட்டருக்குச் சொந்தப் புத்தி கிடையாது. நாம் உள்ளே போட்டதைத்தான் வெளியே காட்டும். இதை நான் அன்றைக்கே சபையில் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன். (மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. காளிகாட்டில் மாடிக் குடித்தனம். அப்பாவுக்கு ஹவுராவில் ரயில்வே வேலை. நான் டிகிரி முடித்து, பவானிபூரில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் அசெம்பிளி மொழி படித்து, அங்கேயே சொல்லிக்கொடுக்கும் வேலையையும் வாங்கிவிட்டேன். அடுத்த மாதம் சேர வேண்டும். அசெம்பிளி என்றால் நடுவில் ஆள் வைக்காமல் கம்ப்யூட்டரிடம் நேராகப் பேசுகிற மொழி. அது தெரிந்துவிட்டதால் மற்ற மொழியில் எழுதுகிறவர்களை நான் மனிதர்களாகவே மதிக்கவில்லை. சாந்தினி மார்க்கெட்டில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய பழைய கம்ப்யூட்டருக்கு அம்மா பூப்போட்ட துணியில் உறை தைத்திருந்தாள். என் தலைக்கனத்துக்கு உறை தைக்கத்தான் ஆளில்லை.

அந்த நேரம் பார்த்து ஜாம்ஷெட்பூரிலிருந்து ஒரு வரன். பையன் பெயர் ரவி. பையனின் அம்மா போனிலேயே சொல்லிவிட்டார்: "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கெல்லாம் போக வேண்டாம். எங்க வீட்ல அந்தப் பழக்கம் இல்ல."

"நல்ல இடம்டி. பெரிய கலெக்டர் வேலை பாரு, விட்டுட்டுப் போக மனசு வரலையாக்கும்," என்றாள் அம்மா. அப்பா வழக்கம்போலப் பேப்பருக்குள் புகுந்துகொண்டார். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடித்துவிட்டால் என் வேலை போச்சு. வேண்டாம் என்று வாய் திறந்து சொல்ல எனக்கு அப்போது துணிச்சல் இல்லை.

பெண் பார்க்க வந்தால் பாடச் சொல்வார்கள். எனக்குப் பாட்டு வராது. (சொல்லிக்கொடுக்க வந்த டீச்சர் தானாகவே நின்றுவிட்டார்.) பாட்டுக்குப் பதில் ஒரு புரோகிராம் காட்டுவதென்று முடிவு செய்தேன். அது பெயரைக் கேட்கும். அடித்தால், முன்னால் "வணக்கம்" சேர்த்துத் திரையில் காட்டும். பிறகு திரையைத் துடைத்துவிட்டு அடுத்தவர் பெயரைக் கேட்கும். இன்றைக்குச் சின்னப் பிள்ளையும் செய்யும். அசெம்பிளியில் அப்படி இல்லை. பெயருக்கு நினைவகத்தில் இடம் ஒதுக்குவதிலிருந்து எல்லாவற்றையும் நாமேதான் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சோதித்தேன். நீளமாக ஏதாவது அடித்துப் பார்க்க வேண்டும். மனதில் இருந்தது ஒரே வரிதான். "இந்த மாப்பிள்ளை வேண்டாம்" என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். அப்படியே அழகாக வந்தது. திரை துடைத்துக்கொண்டு அடுத்த பெயரைக் கேட்டது. திருப்தியாக மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் புடவை கட்டப் போனேன்.

மாலையில் வந்தார்கள். நாற்காலி கொடுத்து உதவிய பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் மித்ரா காக்கிமாவும் வேடிக்கை பார்க்க அதில் ஒன்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு பாட்டு பாடேம்மா," என்றார் ரவியின் அம்மா.

"பாட்டு வேண்டாம் ஆன்ட்டி, புரோகிராம் காட்டறேன்."

அம்மா பார்த்த பார்வையில் கேசரி இன்னொரு முறை வெந்திருக்கும். ஆனால் ரவி எழுந்து வந்தார். "அசெம்பிளியா? அதுல பேர் வாங்கிக் காட்டறதே பெரிய பாடாச்சே!" என்று உட்கார்ந்து, தன் பெயரை அடித்து என்டரைத் தட்டினார்.

திரையில் வணக்கமும் இல்லை, ரவியும் இல்லை. "மாப்பிள்ளை வேண்டாம்" என்று மட்டும் இருந்தது.

நடந்தது இதுதான். சிலேட்டில் பழைய எழுத்தை அழிக்காமல் அதன்மேல் சின்னப் பெயர் எழுதினால் பாக்கி தெரியுமல்லவா? ரவியின் பெயரும் அந்த என்டரும் சேர்ந்து "இந்த" என்பதை மட்டும் விழுங்கின. காட்டு என்று சொன்னால், முற்றுப்புள்ளி மாதிரி ஒரு டாலர் குறியைப் பார்க்கும்வரை கம்ப்யூட்டர் நிறுத்தாது. டாலரோ காலையில் அடித்த வரிக்கும் அப்பால் இருந்தது. நடுவில் வந்த என்டர், வரியின் தொடக்கத்துக்கே திரும்பச் சொல்லிவிட்டது. அது சமர்த்தாகத் திரும்பி, வணக்கத்தின் மேலேயே மிச்சத்தை எழுதியது.

தமிழ் தெரியாத காக்கிமா மட்டும், "கீ லிகேச்சே? கீ லிகேச்சே?" என்று எல்லார் முகத்தையும் பார்த்தார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் தங்கை ஹேமா, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவருக்குக் கடமை தவறாமல் மொழிபெயர்த்தாள்: "பொர் சாய் நா, காக்கிமா."

"இத மெஷின் சொல்லுதா, பொண்ணு சொல்லுதா?" என்றார் ரவியின் அம்மா.

மெஷின் கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாரும் சிரித்துவிட்டு பஜ்ஜி சாப்பிட்டிருப்பார்கள். அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். 

"மெஷினுக்குச் சொந்தப் புத்தி கிடையாது ஆன்ட்டி. காலைல நான் அடிச்சதுதான். எனக்கு வேலைக்குப் போகணும்."

அவர்கள் எழுந்தார்கள். படியிறங்கும்போது ரவி மட்டும் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "பேர் முடியற எடத்துல ஒரு டாலர் போட்டிருந்தா நின்னுருக்குங்க."

வரன் போனதற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஆனால் நான் வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளையே என் தவறைக் கண்டுபிடித்துவிட்டுப் போனார் பாருங்கள், அந்த அவமானத்தில் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

வேலையில் சேர்ந்தேன். நான் சேரும் நாள்வரை அம்மா என்னிடம் பேசவில்லை. சொந்தக்காரர்கள் மத்தியில் நான் "மெஷின்ல பதில் சொன்னவ" ஆனேன், இன்றும் அதே பெயர்தான். சொல்லட்டும்.

சில வருடம் கழித்து ஹேமாவுக்கு வரன் பார்த்தார்கள். அவளும் அப்போது வேலையில் இருந்தாள். ஒரு நாள் போனில் அம்மா வெகுநேரம் "உம்" கொட்டிக்கொண்டிருந்தாள். எதிர்முனை என்ன கேட்டது என்று அவள் முகமே சொன்னது. கடைசியில் குரலில் தேன் ஒழுகச் சொன்னாள்:

"வேலைய விடணுமா? அதுக்கென்ன, நேர்ல வாங்க. எங்க வீட்ல கம்ப்யூட்டர் இருக்கு, மூத்தவ பதில் காட்டுவா."