சொந்த லாரிக்காரர்

டிரைவருக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. கையில் ஸ்டியரிங் இருந்தால் தேவலை. இல்லாவிட்டால் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தே தரையைத் தேய்த்துவிடுவார்.

"இத்தனை நடை நடக்கிறீங்களே, ஒரு துடைப்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா வீடாவது சுத்தமாகும்" என்பாள் மனைவி.

அன்று காலை அவர் சட்டென்று நின்றார். அதுவே பெரிய செய்திதான்.

"முடிவு பண்ணிட்டேன். இனி எவன்கிட்டயும் கைகட்டி நிக்க மாட்டேன். சொந்தமா லாரி வாங்கப் போறேன்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"டீசல்?"

"போடணும்."

"டயரு?"

"தேஞ்சா மாத்தணும்."

"இன்சூரன்ஸு, ரிப்பேரு?"

"அதெல்லாம் பாத்துக்கணும்…"

"திரும்பி வர்றப்ப லோடு கிடைக்கலேன்னா?"

"காலியா வரணும்."

"அப்போ நமக்கு என்னதான் மிஞ்சும்?"

"கிளீனர் வச்சாத்தான் கட்டுப்படியாகாது. அந்தச் சம்பளம் மிச்சமானா அதுதான் நம்ம லாபம்!" என்று அடித்துவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். டிரைவர் அதைக் கேள்விப்பட்டதில்லை போலிருக்கிறது.

அவர் மனதில் இருந்தது வேறு. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இரண்டே பேர். அவர் ஓட்டிய லாரியின் முதலாளியோ உள்ளூர் லோடாகவே கொடுத்தார். பொழுது சாய்ந்தால் வீடு. வீட்டுக்குள் நுழைந்தால் குழாய் ஒழுகுகிறது, பரண் மேல் ஏறு, மச்சான் வீட்டுக்குக் கிளம்பு. சொந்த வண்டி என்றால் வெளியூர் லோடாகப் பிடிக்கலாம். நினைத்த கடையில் டீ, நினைத்த மரத்தடியில் தூக்கம், எங்கே என்ன என்று கேட்க ஒரு ஈ காக்கை கிடையாது. அந்தச் சுதந்திரத்துக்காகத்தான் மனுஷன் தவித்தார்.

"சரி, வாங்கிடலாம். எங்கப்பா குடுத்த மனையை வித்துடுவோம். வண்டி மட்டும் என் பேர்ல இருக்கட்டும்" என்றாள் மனைவி.

இவ்வளவு சுலபத்தில் அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. டிரைவர் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். இருந்தாலும் ஆர்.சி. புக்கில் யார் பேர் இருந்தால் என்ன, ஸ்டியரிங் தன் கையில்தானே என்று பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

பழைய வேலையை விட்டார். லாரி வந்தது. முதல் லோடு கட்டில், பீரோ, மேசை. போய்ச் சேரவே இரண்டு நாளாகும் ஊர். விசில் அடித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். இடது பக்கக் கதவு திறந்தது. முதலில் ஒரு தலையணை வந்தது. அப்புறம் ஒரு பை, ஒரு தண்ணீர் கேன். கடைசியாக மனைவி வந்தாள்.

"நீ எங்க கிளம்பிட்ட?"

"கிளீனரா வர்றேன். அந்தச் சம்பளந்தான் நம்ம லாபம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வீடு?"

"பூட்டியாச்சு."

"ரிவர்ஸ் பாத்துச் சொல்லத் தெரியுமா உனக்கு?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்களைத் திருப்பி வழிக்குக் கொண்டாந்துக்கிட்டுதானே இருக்கேன்?"

வழியில் டீக்கடை பார்த்துப் பிரேக்கில் கால் வைத்தார். "இப்பத்தானே குடிச்சீங்க?" மரநிழல் பார்த்து ஓரம் கட்டினார். "தூங்கவா வண்டி வாங்கினோம்?" கொஞ்சம் வேகமாக மிதித்தார். "தேயிறது யார் வீட்டு டயரு?" பழைய முதலாளி சாயங்காலம் ஒரு தடவைதான் கேள்வி கேட்பார். இந்த முதலாளி கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் கேட்டாள்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவள் வேலையில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. குடோனில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது வண்டியின் பக்கத் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினாள்: வா. ஒரு தட்டு: நில். சுவரில் ஒரு கீறல் விழவில்லை. குடோன் மேனேஜர் "முதலாளி யாருங்க?" என்றதும் டிரைவர் மார்பை நிமிர்த்தினார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் மேனேஜரிடம் வாடகை பேசத் தொடங்கியிருந்தாள்.

"திரும்புறதுக்கு லோடு கிடைச்சிருச்சு. அங்கேர்ந்து வேற ஊருக்கு ஒண்ணு, அதுக்கப்புறம் இன்னொண்ணு. இந்த மாசம் வண்டி காலியா ஓடாது" என்றாள் திரும்பி வந்து.

"அப்போ வீட்டுக்கு எப்ப போறது?"

"வீட்டுல யாரு இருக்கா? நாமதான் இங்க இருக்கோமே!"

லாபம் வந்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் டிரைவருக்கு ஒழுகுகிற குழாயை நினைத்தால் கூட ஏக்கமாக இருந்தது. அவள் தார்ப்பாய் கட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த நேரம், முன் டயருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பழைய முதலாளிக்குப் போன் போட்டார்.

"அண்ணே, நான்தான். நம்ம பழைய வண்டிக்கு ஆள் போட்டாச்சா?"

"இன்னும் இல்லப்பா. வர்றியா?"

"இப்பவே வர்றேண்ணே!" டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கும் சந்தோஷந்தான். ஆனா தொழில்ல ஒரு முறை இருக்குல்ல? ஒரு முதலாளிகிட்ட ஓட்டுற ஆளை, அவங்களைக் கேக்காம இன்னொருத்தன் எடுக்கக் கூடாது. போனை உங்க வீட்டம்மாகிட்ட குடு."