இறாலுக்கு ஃபேன் போட்ட அக்கா

ஓர் இறாலுக்காக ஜெபத்தையே சுருக்கச் சொன்ன பெண்மணி இந்தப் பூமியில் ஒருத்திதான் இருந்திருக்க முடியும். அவள்தான் எங்கள் மொறுமொறு அக்கா. அறுபதுகளின் கடைசியில் நானும் அவளும் டெலிபோன் ஆபரேட்டர்கள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு போர்ஷனைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் கூத்து ஆரம்பமாகும். இறாலை உரித்து, கழுவி, பழைய புடவைத் துணியில் ஒற்றி, முறத்தில் பரப்பி, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிடுவாள். சித்திரை வெயிலில் நான் பனை விசிறியோடு கிடப்பேன். இறால் காற்று வாங்கும்! ஈரம் போனால்தான் மொறுமொறுப்பாம். பிறகு மிளகாய்த்தூள், மிளகு, அரிசிமாவு. எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க மாட்டாள், கேட்பாள். சட்டிப் பக்கம் காதைச் சாய்த்து, "இன்னும் பேசல" என்பாள்.

சாலட்டுக்கும் அதே சட்டம். வெள்ளரிக்காய், முள்ளங்கி, வெங்காயம் எல்லாம் பானைத் தண்ணீரில் குளிர வேண்டும். தட்டில் பரிமாறிய பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழியலாம். வெள்ளரிக்காயைக் கடையிலேயே ஒடித்துப் பார்ப்பாள். சத்தம் பிடிக்காவிட்டால் இரண்டு துண்டையும் கடைக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவாள். அந்த மனுஷர் இவள் தலையைக் கண்டாலே கூடையை மூடிவிடுவார்.

சாப்பிடும்போது பேசக் கூடாது, கடிக்கிற சத்தம் கேட்க வேண்டும். ஒருநாள் போதகர் சாப்பிட வந்தார். நோயாளிகள், விதவைகள், கடலில் போகிற மாலுமிகள் என்று ஜெபம் நீண்டுகொண்டே போனது. அக்கா கண்ணைத் திறந்தாள்.

"ஐயா, சீக்கிரம் ஆமென் சொல்லுங்க. இறால் நமுத்துப்போவுது."

போதகர் அந்த இடத்திலேயே ஆமென் சொன்னார். அப்புறம் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்பது வேறு விஷயம்.

ஒரு ஞாயிறு மீன்காரம்மா கடம்பா, அதுதான் கணவாய், கொண்டுவந்தாள். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் அதை யாரும் சீண்ட மாட்டார்கள்.

"இன்னாம்மா அப்டி பாக்குற? வளையம் வளையமா அரிஞ்சு வறு. முறுக்கு மாரி கீதுன்னு நீயே சொல்லுவ" என்று தள்ளிவிட்டுப் போனாள்.

அக்கா வறுத்து ஒன்றைக் கடித்தாள். முகம் சுண்டிப்போயிற்று. சத்தமே வரவில்லையாம். மறுபடி எண்ணெயில் போட்டாள், மறுபடி கடித்தாள். வளையமெல்லாம் கரியாகிவிட்டது. மீன்காரம்மாவைத் திட்டினாள், அரிசிமாவைத் திட்டினாள், எண்ணெய்க் கடைக்காரரையும் விடவில்லை. நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். அடேயப்பா, பக்கத்துப் போர்ஷன் அம்மாள் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தாள்.

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடிச்சியா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொஞ்ச நாளாகவே ஆபீசில் ஒவ்வொரு நம்பரையும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். லைன் சரியில்லை என்று நானும் நம்பியிருந்தேன். ஆபரேட்டருக்குக் காது போனால் வேலை போச்சு. அந்தச் சம்பளத்தில்தான் அவள் அம்மாவும் தம்பியும் சாப்பிட்டார்கள்.

"யாருகிட்டயும் சொல்லிடாதடி" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் அவளே போய் சூப்பர்வைசர் அம்மாளிடம் சொல்லிவிட்டாள்! நம்பர் மாறி ஒரு வீட்டுச் சாவுச் செய்தி இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று ராத்திரியெல்லாம் பயமாம். சூப்பர்வைசர் அம்மாள் டிரங்க் கால் சீட்டுகளைப் பிரித்து அடுக்கும் மேஜைக்கு அவளை மாற்றினார். சம்பளம் தப்பியது.

அக்காதான் தப்பவில்லை. அடுத்த ஞாயிறு இறாலைக் குழம்பு வைத்தாள். மொறுமொறு அக்கா, குழம்பு! அதற்கடுத்த வாரமும் குழம்பு. எனக்குத் தாங்கவில்லை. சட்டியை நானே அடுப்பில் ஏற்றினேன். ஃபேன் கீன் எதுவும் போடவில்லை. வறுத்த இறால் ஈரத்துணி மாதிரி தொங்கியது. வேறு வழியில்லாமல் சாலட்டிலிருந்து ஒரு வெள்ளரித் துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன். அவளுக்குக் கொஞ்சம் கேட்கிற வலது காதோரம் போய், இறாலையும் சேர்த்து 'நறுக்'கென்று கடித்தேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அப்புறம் சிரித்தாள், வெகுநாளைக்குப் பிறகு.

"வெள்ளரிக்கா நல்லா இருக்குடி. அடுத்த வாரம் இறாலை நான் பாத்துக்கறேன்."

அடுத்த வாரம் ஃபேன் மறுபடி இறாலுக்கே போய்விட்டது. நான் வேர்த்து வழிந்துகொண்டு சந்தோஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.