மாப்பிள்ளையின் கிடாருக்கு மூலைமட்டம் பிடித்த விவரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். நீங்கள் விட்டுச்சென்ற கிடார் மட்டும் சுகமில்லாமல் இருந்து, என் கைராசியால் தேறிவிட்டது. எதற்கும் கவலைப்பட வேண்டாம்.

விஷயம் என்னவென்றால், உங்கள் தங்கை தனக்கு வேறு பரிசே வேண்டாம், சனிக்கிழமை தன் கல்யாணத்தில் அண்ணன் கிடார் வாசித்தால் போதும் என்றிருக்கிறாளே, தூசி தட்டி வைப்போமென்று பெட்டியைத் திறந்தால், கம்பிகளெல்லாம் வந்து மாட்டியிருக்கிற மரக்கட்டை, அதைத்தான் பிரிட்ஜ் என்கிறார்களாம், குறுக்கே விரிசல் விட்டு வாயைப் பிளந்துகொண்டிருந்தது. "பேசாம கடையில குடுத்துடுங்க" என்றாள் உங்கள் அத்தை. வேலைக்காலம் முழுக்கக் கட்டட வரைபடம் போட்டவனுக்கு ஒரு சாண் கட்டை எம்மாத்திரம்? கம்பிகளைக் கழற்றி, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டிப் பசையை இளக்கி, கட்டையைப் பெயர்த்துவிட்டேன். புதுக் கட்டைக்கு நல்ல முற்றின மரம் வேண்டுமே, வீடெல்லாம் தேடிக் கடைசியில் அத்தையின் சாய்வு நாற்காலியில் ஒரு கையை அறுத்தேன். உட்கார்றதுக்கு ரெண்டு கை எதுக்கு, ஒண்ணு போதாதா? அவளுக்குப் போதவில்லை. மத்தியானம் பழக்கதோஷத்தில் அந்தப் பக்கம் சாய்ந்தவள் தரைக்கே போய்விட்டாள். அடி ஒன்றும் இல்லை, அதிலிருந்து என்னோடு பேச்சுதான் இல்லை.

பழைய கட்டையில் இன்னொரு அநியாயமும் கண்டேன். கம்பிகள் ஏறி உட்காரும் வெள்ளைப் பட்டை கோணலாக, ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது! இப்படியாங்க ஒரு பொருளைச் செஞ்சு விக்கிறது? புதுக் கட்டையில் மூலைமட்டம் வைத்து, நூல் பிடித்த மாதிரி பதித்துவிட்டேன். ஒட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கி, காய்கிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மகள் பிறந்தபோதுகூட இப்படிக் காவல் இருந்ததில்லை, அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

தைரியமாக வாருங்கள். நீங்கள் வாசிக்க, தங்கச்சி கண் கலங்கப்போவது நிச்சயம். மணமக்கள் இருவரும் குறைவில்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்

பி.கு.: பெருமை தாங்காமல் அடுத்த வீட்டு இசை ஆசிரியரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். விரல் மேலே ஏற ஏற, நம் சொந்தக்காரர்கள் மாதிரி கம்பிகள் ஆளுக்கொரு சுருதி பேசின. அந்தப் பட்டை சாய்ந்திருந்தால்தான் சுருதி சேருமாம். தடித்த கம்பிக்கு நீளம் கொஞ்சம் கூட வேண்டுமாம். "யாருங்க இதை நேராக்கினது?" என்றார். அத்தனை நேரம் வாய் திறக்காத அத்தை, "இவருதான்!" என்றாள். பாவம், நல்ல மனுஷர், சனிக்கிழமைக்குத் தன் கிடாரையே தருகிறாராம். ஒரே நிபந்தனை, அது நம் வீட்டு வாசற்படி ஏறக் கூடாதாம்.