முப்பத்தஞ்சு மாஸ்டர் துப்பிய ஒயின்

வாயில் ஊற்றிய ஒயினை அளந்தால் எங்கள் முப்பத்தஞ்சு மாஸ்டருக்கு ஈடாக அருப்புக்கோட்டையில் மட்டுமல்ல, மதுரை வரைக்கும் ஆள் கிடையாது. தொண்டைக்குள் இறங்கியதை அளந்தால் பச்சைக் குழந்தை அவரைவிட மோசம். அது கிரைப் வாட்டராவது குடித்திருக்கும். மாஸ்டர் குடித்ததே இல்லை. வாயில் வைப்பார், உருட்டுவார், துப்பிவிடுவார். துப்பாமல் குடித்தவன் நான். இந்த ஒரு வரியை வெளியே சொல்ல எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. வெட்கக்கேடு.

திருச்சுழி ரோட்டில் ஒரு சாயப்பட்டறையில் அவர் சாய மாஸ்டர். நான் அங்கே நூல் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதுகிறவன். எங்கள் பக்கத்தில் போர்க்கிணற்றுக்குப் போர்க்கிணறு தண்ணீரில் உப்பு மாறும். உப்பு மாறினால் நூலில் சாயம் ஏறுவதும் மாறும். அதனால் தண்ணீர் லாரி வந்து நின்றதும் மாஸ்டர் ஒரு வாய் பிடித்து, கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, புளிச்சென்று துப்பிவிட்டு மார்க் சொல்லுவார்.

"முப்பத்தொண்ணு. பெயிலு. வண்டியத் திருப்பு."

நூற்றுக்கு முப்பத்தைந்து வந்தால் பாஸ். அதற்கு மேல் அவரிடம் வாங்கியவை மிகக் குறைவு. பட்டறை டீ இருபத்தெட்டு. முதலாளி வீட்டுக் கல்யாண சாம்பார் முப்பத்து நாலு. அதை முதலாளிக்கு எதிரிலேயே, பந்தியில் உட்கார்ந்தபடி சொன்னார். ஒரு மார்க் போட்டுத் தூக்கிவிட்டிருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, "உப்பு யாரு போடுவா?" என்றார்.

ஒயினிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் தொழில்தான். ஒரு சேலை வியாபாரி ஒயின் கலரில் நூல் கேட்டார். மாஸ்டர் பீட்ரூட்டை மனதில் வைத்து ஒரு சிவப்பு போட்டுக் கொடுத்தார். "இது ஒயின் கலரே இல்ல" என்று லோடு திரும்பி வந்துவிட்டது. முப்பது வருஷத் தொழிலில் முதல் அவமானம். மாஸ்டர் அன்று சாப்பிடவில்லை. விசாரித்துப் பார்த்ததில், எங்கள் ஊரில் ஒயின் கலர் சேலை இல்லாத வீடே இல்லை. ஒயினைக் கண்ணால் பார்த்த ஆள்தான் இல்லை.

மறுநாள் இருவரும் ஒயின் ஷாப்புக்குப் போனோம். பெயர்தான் ஒயின் ஷாப். ஒயின் என்றதும் விற்பனையாளர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூஞ்சி செவக்கணும்னு பொம்பளையாளுகதான் ஆள் விட்டு வாங்குவாக. ஒங்களுக்கெதுக்குண்ணே?"

"நூலுக்கு" என்றார் மாஸ்டர். வரிசையில் நின்றவர்கள் தெளிந்துபோய் அவரையே பார்த்தார்கள்.

வெள்ளை நூலைக் கிளாஸில் முக்கி, வெயிலில் காயப்போட்டு, கலரைப் பிடித்துவிட்டார். லோடு பாஸாகிவிட்டது. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பாட்டில் திறந்திருந்ததா, கை சும்மா இருக்குமா? பழக்க தோஷத்தில் ஒரு வாய் பிடித்து, உருட்டி, துப்பினார். "இருபத்தாறு. இதுக்கு நம்ம போர்த்தண்ணியே தேவலய்யா. இதவிட நல்லது இருக்கும். பாப்போம்."

அன்று பிடித்தது பைத்தியம். ஐநூறு ரூபாய்க்குள் விற்கும் சிவப்பு ஒயின் எதையும் அவர் விடவில்லை. "அதுக்கு மேல குடுத்து வாங்குனா, நாக்கு பயந்துக்கிட்டு மார்க்கு போடும்" என்பார். மதுரைக்குப் பஸ் ஏறுகிறவன், பெங்களூரில் மகளைப் பார்க்கப் போகிறவன், எல்லோரிடமும் சொல்லி வைப்பார். ஞாயிறு காலை பதினோரு மணிக்குப் பட்டறை மாடியில் பரீட்சை. இரண்டு டீ கிளாஸ், துப்புவதற்கு ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு நீள நோட்டு. மாஸ்டர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். பக்கத்துக்கு ஒரு ஒயின். ஓரத்தில், அந்த ஒயினில் நனைத்து ஒட்டிய நூல் ஒரு துண்டு.

"எழுதுய்யா. மொத வாயி நாவப்பழம். ரெண்டாவது வாயி, நாவப்பழம் தின்னவன் தொட்ட கதவு. இருபத்தொம்பது."

"எழுது. கொடுக்காப்புளி. கூடவே நனைஞ்ச பருத்தி மூட்டை. கடைசியில ஒரு துரு ஆணி. முப்பத்து ரெண்டு. ஆணி இல்லேன்னா பாஸு."

பரீட்சை முடிந்தால் பாட்டிலில் முக்கால்வாசி மிஞ்சும். முதல் வாரம் அதைச் சாக்கடையில் கொட்டப் போனார். பாவம் என்று தடுத்தேன். பண்டத்தை வீணாக்கலாமா? அதன் பிறகு பெயிலானது, பாஸானது எல்லாவற்றுக்கும் அடைக்கலம் என் வயிறுதான். அவர் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. "முழுங்கிட்டா ருசி தெரியாதுய்யா" என்று மட்டும் சொல்லுவார்.

வீட்டில் என் மனைவி மூக்கைச் சுளித்தாள். "ஏங்க, என்ன வாடை இது?"

"மாஸ்டர் துப்புறப்ப மேல தெறிச்சிருச்சு."

வாராவாரம் தெறித்தது. காலி பாட்டில்களைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டதும் மாஸ்டர்தான். ஒளித்துப் போட அவருக்குத் தெரியாது. நட்டநடு வீதியில் எண்ணிப் போட்டார். ஊர் முடிவு கட்டிவிட்டது. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

அப்போதுதான் அவர் மகளுக்குத் திருச்சுழிப் பக்கத்திலிருந்து தரகர் மூலம் ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம். பெண் பார்த்து, இரு பக்கமும் பிடித்து, பூ வைக்க நாள் பார்க்கும் வரைக்கும் போய்விட்டது. மாஸ்டர் நடையே மாறிப்போயிற்று; பட்டறை டீக்கு முப்பத்தாறு போட்டார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் மாப்பிள்ளையின் தாய்மாமன் எங்கள் வீட்டுக்கு விசாரிக்க வந்தார். அன்றைக்கா வர வேண்டும்? அன்று காலையில்தான் சரித்திரத்தில் இல்லாதபடி ஒரு பாட்டில் ஐம்பத்தெட்டு வாங்கியிருந்தது. முழுவதும் என்னுள் இருந்தது. என் மனைவி காப்பியைக் கொடுத்துவிட்டு நிலைப்படியில் நின்றாள்.

"அண்ணாச்சி, நீங்க கூடவே இருக்கவுக. மாஸ்டருக்குப் பழக்கம் உண்டுன்னு பேசிக்கிறாக. நெசந்தானா?"

'அவர் துப்புவார், குடிப்பது நான்' என்று சொன்னால் தீர்ந்தது. ஏழே நொடி வேலை. நான் மனைவியைப் பார்த்தேன். அவளும் பதிலுக்குத்தான் காத்திருந்தாள்.

"தங்கமான மனுசன். ஞாயித்துக்கிழம மட்டும்... கொஞ்சம்... அதுவும் ஒயினுதான்" என்றேன்.

அவர் பாதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்தார். சம்பந்தம் நின்றுபோனது. அந்தப் பெண் ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்று கேள்விப்பட்டேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

அடுத்த ஞாயிறு போகாமல் இருந்தால் சந்தேகம் வருமே என்று போனேன். என் யோக்கியதை அவ்வளவுதான். மாஸ்டர் வழக்கம்போல் வாளியோடு உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர், அன்னைக்கு எங்க வீட்டுக்கு..."

"தரகர் சொன்னாரு, அவுக யாரு வீட்டுல காப்பி குடிச்சாகன்னு" என்றார். பாட்டிலைத் திறந்தார். "வீட்டுக்காரம்மா பக்கத்துல நின்னாகளாம்ல. நீ என்ன செய்வ? எழுதுய்யா."

திட்டியிருக்கலாம். அந்த வாளியை என் தலையில் கவிழ்த்திருக்கலாம். எழுத எனக்குப் பேனா ஓடவில்லை. அன்றைக்கு எந்த ஒயினுக்கு எத்தனை மார்க் என்று நோட்டில் இல்லை.

ஒன்றரை வருஷம் கழித்துத்தான் அந்தப் பெண்ணுக்கு விருதுநகரில் அமைந்தது. கல்யாணத்துக்கு முந்தின மாதம் மாஸ்டர் நோட்டைப் புரட்டி, அந்த ஐம்பத்தெட்டு மார்க் பக்கத்தில் ஒட்டியிருந்த நூலைப் பார்த்து, மகள் சேலைக்கு நூலைத் தன் கையாலேயே சாயத்தில் முக்கினார். நான் கல்யாணத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் ஒளிந்து உட்கார்ந்தேன். மேடையில் அந்த நிறத்தில் அவள் நின்றாள். தலையைக் குனிந்துகொண்டேன்.

மாஸ்டர் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சம்பந்தி முன்னால் நிறுத்தினார். என் மனைவியும் பின்னாலேயே வந்தாள்.

"இவரு நம்ம சிநேகிதரு. நமக்கு எல்லாமே இவருதான். தங்கமான மனுசன்" என்றார். ஒரு நொடி என் மனைவியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒரு பழக்கமும் கெடையாது."

உப்பில்லாத சாம்பாருக்கு முதலாளி எதிரிலேயே ஒரு மார்க் கூடுதலாகப் போடாத வாய் அது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் மாடிக்குப் போகிறேன். வாயில் வைக்கிறேன், உருட்டுகிறேன். மாஸ்டர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் பொய்யாகிவிடக் கூடாதே என்று, அவர் வாளியிலேயே நானும் துப்புகிறேன்.