துரு இல்லாத மேகசின்கள்

மேடைப் பேச்சில் பரிசு வாங்கியவனிடம் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஒப்படைக்கக் கூடாது. நல்லதை அவன் எடுக்க மாட்டான் என்பதல்ல காரணம். எதை எடுத்தாலும் அதுதான் நல்லது என்று சற்று நேரத்தில் நிரூபித்துவிடுவான். அதற்குப் பிறகு அந்தப் பொருளே வாய் திறந்து மறுத்தாலும் எடுபடாது. இந்த உண்மையை நான் பிறரைக் கவனித்துக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு டிசம்பரில், என் அக்காவின் எதிர்காலத்தை வைத்துச் சோதனை செய்து கண்டுபிடித்தேன்.

அப்போது நான் கல்லூரி மாணவன். பேச்சுப் போட்டி எந்த ஊரில் நடந்தாலும் மரக்காணத்திலிருந்து முதல் பேருந்தில் கிளம்பிப் போய், கடைசிப் பேருந்தில் கோப்பையோடு திரும்புவேன். ஒட்டியும் பேசுவேன், வெட்டியும் பேசுவேன். எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கி எடுத்த பிறகு நம்பத் தொடங்கினால் போதும் என்பது என் கொள்கை. எங்கள் வீட்டு அலமாரியில் கோப்பைகள் நின்ற இடம் போக மீதியில்தான் துணிமணி. (ஒரு கோப்பையில் அம்மா புளி போட்டு வைத்திருந்தாள். மாவட்ட அளவில் முதலிடம் வாங்கித் தந்த கோப்பை, மூடி உள்ளது.)

என் அக்கா கலா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவளுடைய திறமைக்கு வாய் தேவைப்படவில்லை. கல்லூரி என்.சி.சி. முகாமில் ரைபிளைத் தொட்டவள், படிப்பு முடிந்ததும் கிளியனூருக்கு அப்பால் இருந்த துப்பாக்கிச் சுடும் சங்கம் ஒன்றில் சேர்ந்து பிஸ்டலுக்கு மாறிவிட்டாள். ஞாயிறுதோறும் அப்பா தம் உப்பளத்து மினிலாரியில் அவளை அங்கே கூட்டிப்போவார். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லை, லாரிக்கும் வேலை இல்லை; ஆகவே அந்தப் பயணத்துக்கு அவர் மறுப்புச் சொன்னதில்லை. ஆனால் அந்த ஆண்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"தை பொறந்தா லாரி உப்புக்குத்தாம்மா. இந்த மாநிலப் போட்டியில டீம்ல வந்துட்டீன்னா சொல்லு, வேற வண்டி பாத்துக்கலாம். வரலைன்னா இதோட வுட்டுடு."

அக்கா சரி என்று தலையசைத்தாள். மாநில அணியில் இடம் பிடித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்பது அவளுடைய கணக்கு. அதை அவள் யாரிடமும் பேசவில்லை. அவளுக்காகவும் சேர்த்து நான் பேசினேன். அவளுடைய மேலாளர் என்று என்னை நானே நியமித்துக்கொண்டேன்.

துப்பாக்கி அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். அவள் சுட்டது அரைத் தானியங்கி பிஸ்டல். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு போகும். வெற்றுத் தோட்டா வெளியே தெறித்து, அடுத்த தோட்டா தானே ஏறி உட்காரும். அப்படி ஏற்றி விடுவது மேகசின். கைப்பிடிக்குள் செருகும் ஒரு தகரக் கூடு. உள்ளே ஒரு சுருள்வில். வில்லின் தலைமேல் ஒரு குட்டி மேடை. அந்த மேடை தோட்டாக்களை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வில் சோர்ந்தாலோ, கூட்டின் உதடு கொஞ்சம் வளைந்தாலோ தோட்டா பாதி வழியில் சிக்கும். துப்பாக்கி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அந்தக் கணத்தில் அது ஓர் இரும்புத் துண்டு.

இவ்வளவும் எனக்கு இப்போது தெரியும். அன்று எனக்குத் தெரிந்தது, அதில் ஒரு மேடை இருக்கிறது என்பது மட்டும்தான். (மேடை என்று ஒன்று இருந்தால் அங்கே எனக்குப் பேச உரிமை உண்டு என்று நினைக்கிற வயது.)

போட்டிக்கு முந்தைய ஞாயிறு. சங்கத்துக்கு அந்த வகையில் ஒரே பிஸ்டல்தான். அதற்குரிய மேகசின்கள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. எதிலும் எண்ணோ அடையாளமோ இல்லை. அன்றன்று கைக்கு வந்ததை எடுத்துச் சுடுவார்கள். சங்கச் செயலாளர் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி சுடுதளத்தின் மறுகோடியில் நின்றார். அங்கிருந்தே குரல் கொடுத்தார். "பொட்டியிலேர்ந்து மூணு எடுத்துக்கம்மா. போட்டுப் பாத்து எடுத்துக்க."

அக்கா தன்னிடம் இருந்த கடைசித் தோட்டாப் பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு மேகசினிலும் ஐந்தைந்து தோட்டா போட்டுச் சுட்டு, சிக்காதவற்றை எடுத்துக்கொள்வது அவள் திட்டம். வெளிநாட்டுத் தோட்டா, சங்கத்துக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதைக் கொண்டு பயிற்சி செய்யாமல் தகரக் கூடுகளுக்குத் தேர்வு வைப்பதா? என் உள்ளம் கொதித்தது. பெட்டியைக் கையால் மூடினேன்.

"அக்கா, அறிவால தீர்க்க வேண்டியதை ஏன் குண்டால தீர்க்குற?"

"டேய் கதிரு, கைய எடு."

எடுக்கவில்லை. மேகசின்களைப் பெஞ்சின்மேல் பரப்பினேன். பெரும்பாலானவை சொறி பிடித்தவைபோல் இருந்தன. விளிம்பெல்லாம் பழுப்பு, அடித்தட்டில் விரல் பட்டுப் பட்டு மங்கிய தேய்மானம். பெட்டியின் அடியில் இரண்டு மட்டும் மஞ்சள் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. பிரித்தேன். கண்ணாடிபோல் மின்னின. ஒரு கீறல் இல்லை, ஒரு புள்ளி துரு இல்லை.

மரக்காணத்துக்காரனுக்கு இதற்குமேல் சான்று தேவையில்லை. எங்கள் காற்றிலேயே உப்பு இருக்கிறது. கதவுக் கீல், சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி, சாமி படம் மாட்டிய ஆணி எல்லாவற்றையும் அது தின்கிறது. எங்கள் ஊரில் பொருள் வாங்குகிறவன் முதலில் விலையைக் கேட்க மாட்டான். கவிழ்த்துப் பார்த்து நகத்தால் சுரண்டுவான். உப்பங்கழி நீரை இறைக்க அப்பா டீசல் எஞ்சின் வாங்கப் போனால், அது ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன் அதன் அடியில் தலைவிட்டுத் துருவைத் தேடுவார். துருவில்லாதது நல்லது, துருப்பிடித்தது ஆகாதது. இது எங்கள் ஊரின் எழுதப்படாத சட்டம்.

நான் நிமிர்ந்து நின்றேன். அப்பாவை நடுவராக நியமித்து, தொண்டையைச் செருமினேன். ஆங்கே ஓர் உரை நிகழ்ந்தது. இரும்பின் முதல் பகை எது, ஒரு பொருளைப் பேணியவனின் பண்பு அப்பொருளின் மேற்பரப்பில் எவ்வாறு ஒளிர்கிறது, பலர் கைபட்டுச் சலித்த ஒன்றிடம் நாம் வெற்றியை எதிர்பார்க்கலாமா என்று படிப்படியாக ஏறினேன். "துணியில் சுற்றிக் காத்திருக்கிறார்களே, எதைச் சுற்றுவோம் துணியில்? குப்பையையா? கருவூலத்தையா?" என்று கேட்டு நிறுத்தினேன். அந்த நிறுத்தம் அபாரமானது. செயலாளர் தொலைபேசி அழைப்புக்காக அறைக்குள் போயிருந்தார்; புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். (இன்றும் சொல்வேன், அந்த உரையில் ஒரு தர்க்கப் பிழை கிடையாது.)

அப்பா ஒரு பழைய மேகசினை எடுத்து நகத்தால் சுரண்டினார். பழுப்புத் தூள் உதிர்ந்தது. "அவன் சொல்றது சரிதாம்மா. துரு இருந்தா போச்சு" என்று தீர்ப்பளித்தார்.

அக்கா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். நான் அடுத்த உரைக்கு மூச்சிழுப்பதைக் கண்டதும் தோற்றுப்போனாள். மின்னிய இரண்டையும் பையில் போட்டாள். மூன்றாவதாக, என்னைக் கேட்காமல், துருப்பிடித்த ஒன்றையும் எடுத்துக்கொண்டாள். எதிர்க்கட்சிக்கும் ஓர் இடம் இருக்கட்டும் என்று நான் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

மாநிலப் போட்டி சென்னையின் புறநகரில் ஒரு சுடுதளத்தில் நடந்தது. முதற்பகுதி மெதுவாகச் சுடுவது. நிமிடக்கணக்கில் நேரம் உண்டு. ஓரிரு முறை தோட்டா சிக்கியது. அக்கா நிதானமாக அதை எடுத்தெறிந்துவிட்டுத் தொடர்ந்தாள். ஒருமுறை திரும்பி, பார்வையாளர் வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள். தோட்டாதான் சரியில்லை என்று கைச்சாடையில் விளக்கினேன். சாடையிலும் எனக்குத் தெளிவு உண்டு.

இரண்டாம் பகுதி வேறு மாதிரி. இலக்கு மூன்று விநாடி முகம் காட்டும். அதற்குள் கையை உயர்த்தி ஒரு குண்டு. பிறகு திரும்பிக்கொள்ளும். மீண்டும் காட்டும். இங்கே சிக்கினால் கையைத் தூக்க வேண்டும். அதிகாரி வந்து பார்த்து, உண்மையான கோளாறு என்றால் மறுபடி சுட அனுமதிப்பார். அந்தச் சலுகை ஒரே ஒரு முறைதான்.

முதல் மின்னும் மேகசின் சிக்கியது. அக்கா கையைத் தூக்கினாள், சலுகை கிடைத்தது. இரண்டாவது மின்னும் மேகசினைச் செருகினாள். இரண்டு குண்டு போயிற்று. பிறகு விசை இழுத்த சத்தம் மட்டும் கேட்டது. இலக்கு முகம் காட்டியது, திரும்பியது, காட்டியது, திரும்பியது. எல்லாம் பூஜ்யம். அக்கா மறுபடி கையைத் தூக்கினாள். சுடுதள அதிகாரி, "மேகசின்தான் பழுதும்மா. சலுகை முடிஞ்சுது" என்று மறுப்பாகத் தலையை அசைத்தார்.

நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று அப்பா இன்றும் கேட்கிறார். அநீதி கண்டபோது எழுவதற்குத்தானே எனக்குக் கோப்பை கொடுத்தார்கள்?

"மாண்புமிகு நடுவர் அவர்களே" என்றேன். மூச்சுவிட்டால் கேட்கும் அமைதியில், ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்கு எட்டும் என் குரல் அந்த வளாகத்தின் நான்கு சுவர்களிலும் பட்டுத் திரும்பியது. காது மூடி அணிந்திருந்தவர்களும் திரும்பினார்கள். "என் வாதம் மிக எளியது. மேகசின் பழுது என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. ஏனெனில் அவற்றைத் தேர்ந்தெடுத்தவன் நான்."

அதிகாரி தடுப்புக் கயிற்றருகே வந்தார். கோபப்படவில்லை, அதுதான் மோசம். "சரி தம்பி. எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?"

கேட்டுவிட்டாரே என்று முழு உரையையும் சுருக்கித் தந்தேன். துரு, பேணுதல், மஞ்சள் துணி, கருவூலம். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். யாரும் கைதட்டவில்லை.

அக்கா மேகசினைக் கழற்றி, மிஞ்சிய தோட்டாக்களை எடுத்துவிட்டு, உள்ளேயிருந்த அந்தக் குட்டி மேடையைக் கட்டைவிரலால் கீழே அழுத்தினாள். விரலை எடுத்தாள். அது மேலே வரவில்லை. கீழேயே தங்கிவிட்டது. அதைக் கயிற்றுக்கு மேலே நீட்டி எனக்கும் அதிகாரிக்கும் காட்டினாள். என் பேச்சு வாழ்வில் நான் சந்தித்த மிகச் சிறந்த மறுப்புரை அது.

"பிளேயரோட வந்தவங்க பேசினா பிளேயருக்குத்தான் பாயிண்ட் போவும். இந்த ஒரு தடவை விடுறேன். உக்காருங்க" என்றார் அதிகாரி. அப்பா என் சட்டையின் பின்புறத்தைப் பிடித்து இழுத்தார். உட்கார்ந்தேன்.

மிச்சம் இருந்த சுற்றுகள் எல்லாவற்றையும் அக்கா அந்தத் துருப்பிடித்த ஒற்றை மேகசினை நிரப்பி நிரப்பிச் சுட்டாள். அது ஒருமுறையும் சிக்கவில்லை. கடைசிக் குண்டு போகும்வரை அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

வெளியே மரத்தடியில், போட்டியைப் பார்க்க வந்திருந்த எங்கள் சங்கச் செயலாளர் பையைத் திறந்து பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்தார். "இத யாரும்மா எடுத்தது? சிக்குதுன்னு நாங்கதான் துணியில சுத்தி அடியில போட்டு வச்சோம். தூக்கிப் போடணும்னு நெனச்சு மறந்துட்டேன்."

"டேய், துரு இல்ல துரு இல்லன்னு அவ்ளோ நேரம் பேசுனியே" என்றாள் அக்கா. அன்று அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "ஏன் துரு இல்லன்னு ஒரு தடவ யோசிச்சியா? யாருமே தொடலடா. வேலைக்கு ஆவாததுன்னு தொடல. வேலை செய்யுறதெல்லாம் கை பட்டு, வேர்வ பட்டு துருப் புடிச்சுது."

அந்த நிமிடம் மினிலாரியின் பின்னால் உட்கார்ந்து ஊர் திரும்பவும் நான் தயாராக இருந்தேன். (அப்படித்தான் திரும்பினேன். முன்னால் இடம் இருந்தது.)

மாலையில் முடிவு அறிவித்தார்கள். அணியில் இடம் இல்லை. மாற்று வீராங்கனையாக மட்டும் பெயர் வந்தது. ஒரு சுற்றின் பூஜ்யங்கள் அவளுடைய இடத்தைத் தின்றிருந்தன. அப்பாவின் நிபந்தனைப்படி கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும். அக்கா தன் பையை மடியில் வைத்துக்கொண்டு, தீர்ப்பைக் கேட்கக் காத்திருப்பவள்போல் லாரியில் உட்கார்ந்திருந்தாள். அப்பா வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

"அவன் சொல்றது சரின்னு தீர்ப்பு சொன்னது நான்தானேம்மா" என்றார் கடைசியில். "அடுத்த வருசமும் போய்க்க. லாரி இல்லன்னா பஸ் இருக்குது."

அடுத்த ஆண்டு அக்கா பேருந்தில் போனாள். சங்கத்துக்குத் தோட்டா வந்ததும், முதல் வேலையாக ஒவ்வொரு மேகசினையும் சுட்டுப் பார்த்து, தேறியதற்கு நகப்பூச்சால் பச்சைப் புள்ளி, தேறாததற்குச் சிவப்புப் புள்ளி வைத்தாள். அந்தப் புள்ளி வைக்கும் வேலை நடந்தபோது நான் ஏதோ கருத்துச் சொல்லப் போக, என் மணிக்கட்டிலும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். அந்த டிசம்பரில் அணிக்குள் வந்தாள். பிறகு வேலையும் வந்தது. இன்று அவள் ஓர் அலுவலகத்தில் அதிகாரி, கூட்டங்களில் யாராவது நீளமாகப் பேசினால் "டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்பாளாம்.

எங்கள் வீட்டில் இளநீர் முதல் இன்வெர்ட்டர் வரை எதையும் தேர்ந்தெடுக்க என்னை அனுப்புவதில்லை. நானோ இன்றும் மேடை ஏறுகிறேன், இன்றும் வெல்கிறேன், அதில் குறைவில்லை. எனக்குப் பெண் பார்க்கத் திண்டிவனம் போனபோதுதான் விஷயம் வெளியூருக்குப் பரவியது. பெண்ணின் தகப்பனார் தயங்கித் தயங்கி, மாப்பிள்ளை எப்படி, நம்பலாமா என்று என் அக்காவிடமே கேட்டுவிட்டார். நான் என் நற்குணங்களை முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பிரித்துச் சொல்லலாம் என வாய் திறந்தேன்.

அக்கா என் தொடையில் கை வைத்து அடக்கிவிட்டு அவரிடம் சொன்னாள்.

"கொஞ்சம் துரு இருக்குதுங்க. அதனால நம்பலாம்."